பரண்மேல் கிடக்கும் டெஸ்ட் போர்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எம்பெடட் லினக்ஸ் (சின்னக் கருவிகளுக்குள் ஓடும் லினக்ஸ்) கற்றுக்கொள்கிறேன். புது போர்டு வாங்கிப் பயந்து பயந்து தொடுவதைவிட, எரிந்தாலும் கவலையில்லை என்று நோண்டிப் பார்க்க உதிரி ஹார்டுவேர் வேண்டும். சேலத்தில் எங்கே தேடுவது, அல்லது பெங்களூர்தான் போகணுமா?
(மாணவர், கருப்பூர்)

பதில்: பெங்களூரெல்லாம் வேண்டாம். போர்டு என்று கேட்காமல் பழைய வைஃபை ரௌட்டர் என்று கேளுங்கள், உள்ளூரிலேயே கிடைக்கும். வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்ததும் முன்பிருந்த ரௌட்டர் பரண்மேல் ஏறிவிட்டது. அதற்குள் எம்ஐபிஎஸ் அல்லது ஆர்ம் வகை ப்ராசஸர் சிப், ராம், ப்ளாஷ் (சாஃப்ட்வேர் தங்கும் நினைவகம்), ஈதர்நெட் எல்லாம் இருக்கிறது, பெரும்பாலானவற்றில் ஓடுவதும் லினக்ஸ்தான். முதலில் சொந்தக்காரர் வீடுகள், அப்புறம் ஐந்து ரோடானாலும் ஆத்தூரானாலும் நீங்கள் வழக்கமாகப் போகிற கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை, கடைசியாகக் காயலான் கடை. சர்வீஸ் கடைக்காரர் "டெட்" என்று ஒதுக்கியதில் பாதிக்கு அடாப்டர்தான் போயிருக்கும், இல்லையென்றால் ஒரு கெப்பாசிட்டர் உப்பியிருக்கும், அதை மாற்றினால் எழுந்துகொள்ளும்.

வாங்கும் முன் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். மாடல் பெயர் மட்டும் போதாது, 'வெர்' என்று போட்டிருக்கும் எண்தான் முக்கியம். டிபி-லிங்க் 841என் ஊரெல்லாம் கிடைக்கும், ஆனால் அதன் 13ஆம் பதிப்பில் 8 எம்பி ப்ளாஷ், 64 எம்பி ராம். அடுத்து வந்த 14ஆம் பதிப்பில் 4, 32 என்று குறைத்துவிட்டார்கள்! 4/32 ரௌட்டரில் இப்போதைய ஓப்பன்டபிள்யூஆர்டி (ரௌட்டருக்கான இலவச லினக்ஸ்) ஏறாது. 16/128 கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். முடிந்தால் ஒரே மாடலில், ஒரே பதிப்பில் இரண்டு: ஒன்றைக் கெடுத்துக்கொண்டால் மற்றதன் ப்ளாஷைப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒற்றை ரௌட்டர்தான் கிடைத்தது என்றால் எதையும் எழுதுவதற்கு முன் முழு ப்ளாஷையும் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதிலிருக்கும் வைஃபைக்கான கேலிப்ரேஷன் விவரம் (ஃபாக்டரியில் சரிசெய்து பதித்த எண்கள்) அந்தந்த யூனிட்டுக்கே உரியது, இன்னொன்றிலிருந்து கடன் வாங்கினால் சரியாக வராது.

கூடவே ஒரு யூஎஸ்பி-டிடிஎல் கன்வெர்ட்டர், ரௌட்டர் போர்டைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்க. போர்டில் மூன்று நான்கு ஓட்டைகள் வரிசையாக இருந்தால் அது பெரும்பாலும் சீரியல் போர்ட், ரௌட்டர் எழும்போது சொல்வதைக் கம்ப்யூட்டரில் படிக்கும் வழி. கிரவுண்டோடு கிரவுண்ட், டிஎக்ஸோடு (அனுப்பும் பின்) ஆர்எக்ஸ் (வாங்கும் பின்), விசிசியை (கரண்ட் பின்) இணைக்கவே வேண்டாம், ரௌட்டருக்கு அதன் அடாப்டரே கரண்ட் கொடுக்கட்டும். கன்வெர்ட்டர் 3.3 வோல்ட்டில் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஒயரைத் தொடுங்கள், 5 வோல்ட் போனால் சிப் போய்விடலாம். வேகம் விநாடிக்கு 115200 பிட் வைத்துப் பாருங்கள், குப்பை எழுத்தாக வந்தால் 57600.

செட்டாப் பாக்ஸ் மட்டும் வேண்டாம். பலவற்றில் பூட்லோடர் (கருவியை எழுப்பும் முதல் புரோகிராம்) பூட்டியிருக்கும், தவிர அது ஆபரேட்டர் சொத்தாகவும் இருக்கலாம். இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ஃபைபர் மோடத்துக்கும் இதே கதை. கல்லூரி லேபில் ஒதுக்கிய பெட்டிகளைக் கேட்பதென்றால் துறைத்தலைவரிடம் எழுதிக் கேளுங்கள், மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரலிலிருந்து புதிதாக வந்திருப்பதால் வாய்ப்பேச்சில் தூக்கிக் கொடுக்கத் தயங்குவார்கள்.

கேள்வி: காபித் தோட்டத்தில் ஈரப்பதம் அளக்கப் பழைய டிஹெச்டி11 சென்சார்கள் நிறைய கையில் இருக்கின்றன. டெஸ்டிங்குக்கு அதுவே போதுமா?
(வாசகர், ஏற்காடு)

பதில்: புரோகிராம் ஓடுகிறதா என்று மேஜைமேல் பார்க்கப் போதும். தோட்டத்துக்குப் போதாது. அது 90 சதவீதம் வரைக்கும்தான் அளக்கும், அதிலும் ஐந்து சதவீதம் அப்படி இப்படி. ஏற்காட்டில் மூடுபனி இறங்கினால் காற்று அதைத் தாண்டிவிடும், அப்போது அது சொல்கிற எண்ணை நம்பி என்ன செய்வீர்கள்? எஸ்ஹெச்டி31 வாங்குங்கள், அதற்குள்ளேயே சின்ன ஹீட்டர் இருக்கிறது, சென்சார்மேல் தண்ணீர் கோத்துக்கொண்டால் சூடேற்றிக் காயவைக்கலாம். போர்டுக்கு கன்பார்மல் கோட்டிங் (ஈரம் புகாத மெல்லிய பூச்சு) அடியுங்கள், சென்சாரின் ஓட்டையை மட்டும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு. உதிரியாக இன்னொன்றை வீட்டுக்குள் ஓடவிட்டு இரண்டு அளவையும் பதிவு செய்தால், வெளியே இருப்பது எப்போது தடுமாறுகிறது என்று தெரியும்.

கேள்வி: பழைய ஆண்ட்ராய்டு போனில் எம்பெடட் லினக்ஸ் பழகலாமா?
(வாசகி, செவ்வாய்ப்பேட்டை)

பதில்: பூட்லோடர் திறக்கிற மாடல் என்றால் பழகலாம். திறக்காது என்றால் விற்றுவிட்டு ரௌட்டர் வாங்குங்கள்.