சனிக்கிழமைக்கு நகர்ந்த பண்டிகை

கே: வெளிநாட்டில் போய்க் குடியேறியவர்கள் சொந்த நாட்டுப் பண்டிகையை ஏதோ ஒரு சனிக்கிழமைக்கு மாற்றி, வாடகை ஹாலில் கொண்டாடிப் படம் அனுப்புகிறார்கள். நாட்டை விட்டுப் போனவர்களுக்குப் பண்டிகை மட்டும் எதற்கு? இது வெறும் நாடகம்தானே?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

ப: நாடகம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாடகம் போட எவ்வளவு பாடுபட வேண்டும் என்று போட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சொந்த நாட்டில் பண்டிகை தானாகவே வந்துவிடும். பள்ளிக்கூடம் மூடும், கடையில் கூட்டம் நெரியும், தெருவெல்லாம் சத்தம். நீங்கள் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாலும் அன்று பண்டிகைதான். அந்நிய நாட்டில் அன்று வெறும் புதன்கிழமை. குப்பை வண்டி வழக்கம்போல் வரும். பத்து மணிக்கு மேலதிகாரி மீட்டிங் வைத்திருப்பார். காலையிலிருந்து மனசுக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. போனில் ஊர்க்காரர்களின் வாழ்த்து வரும்போது இங்கே இவர் அலுவலக வரிசையில் காபிக்கு நின்றுகொண்டிருப்பார். அந்த ஒரு நாள் தனிமைக்குப் பயந்துதான் ஹால் பிடிக்கிறார்கள். நாற்காலி போடுவதும் அவர்கள்தான், ராத்திரி பெருக்கிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுப்பதும் அவர்கள்தான்.

சனிக்கிழமைதான் உங்களை ரொம்ப உறுத்துகிறது போலும். பிரார்த்தனையை உரிய நாளில் வீட்டில் முடித்துவிட்டு, கூடுவதை மட்டும் லீவு நாளுக்கு வைத்துக்கொள்கிறவர்களே பலர். அது போகட்டும், லண்டன் கதையைக் கேளுங்கள். கரீபியத் தீவான டிரினிடாடில் கார்னிவல் என்கிற தெருத் திருவிழா, கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய திங்களும் செவ்வாயும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். அங்கே அது நல்ல வெயில் காலம். 1958-இல் லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் கரீபியக் குடியேறிகளை வெள்ளைக்காரக் கும்பல்கள் தேடித் தேடி அடித்தன. அதற்குப் பதிலடியாக ஒரு கொண்டாட்டம் நடத்த வேண்டும் என்று கிளம்பியவர் கிளாடியா ஜோன்ஸ். டிரினிடாடில் பிறந்தவர், பத்திரிகை ஆசிரியர், அமெரிக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்டவர். 1959 ஜனவரி 30-ஆம் தேதி செயின்ட் பேங்க்ராஸ் டவுன் ஹாலில் அவர் ஒரு கார்னிவல் நடத்தினார். லண்டன் ஜனவரிக் குளிர் தெரியும்தானே? தெருவில் ஆட வேண்டியதை நான்கு சுவருக்குள் ஆடினார்கள். விழா மலர் விற்ற வசூலில் ஒரு பகுதி, அந்தக் கலவரத்தில் மாட்டிய இளைஞர்களின் அபராதத்துக்குப் போகும் என்று அந்த மலரிலேயே அச்சடித்தார்கள். நீங்கள் கேலி செய்கிற வாடகை ஹால் இதுதான்.

1966-இல் நாட்டிங் ஹில் தெருக்களில் வேறு சிலர் முயற்சியில் ஒரு விழா தொடங்கியது. கரீபியர்களின் தாளம் அதில் வந்து சேர்ந்தது. இன்று அது ஆகஸ்ட் கடைசியில் நடக்கிறது, லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். தவக்காலத்துக்கும் ஆகஸ்ட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குளிர் தாங்காது என்பதும், அப்போது திங்களும் சேர்ந்து லீவு கிடைக்கிறது என்பதும்தான் காரணம். போலி என்று அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று இதைவிட வேடிக்கை. மார்ச் 17, புனித பேட்ரிக் நாள், அயர்லாந்தின் பெருநாள். ஊர்வலம், பச்சை உடை, பாண்டு வாத்தியம் எல்லாம் டப்ளினில் முளைத்தவை என்றுதானே நினைத்திருப்பீர்கள்? நியூயார்க்கில் 1762-லேயே ஊர்வலம் போனார்கள், பிரிட்டிஷ் படையில் இருந்த அயர்லாந்துச் சிப்பாய்கள். சொந்த மண்ணிலோ அது கோயிலுக்குப் போய்வரும் அமைதியான நாள். 1927-இல் வந்த சட்டம் அன்றைக்கு மதுக்கடைகளையே மூடிவிட்டது. முப்பது வருஷத்துக்கும் மேல் அந்த ஒரு நாளில் மூடியேதான் கிடந்தன. டப்ளினில் நடுவில் ஊர்வலங்கள் இல்லாமலில்லை. ஆனால் இன்று நாம் டிவியில் பார்க்கிற பல நாள் திருவிழாவை அரசு முன்நின்று தொடங்கியது 1996-இல்தான். ஊரை விட்டுப் போனவர்கள் இருநூறு வருஷத்துக்கு மேல் ஒத்திகை பார்த்த நாடகத்தை ஊரில் இருந்தவர்கள் அப்புறம் மேடையேற்றினார்கள். இதில் அசல் எது, நகல் எது? நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்கவில்லை. போனவர்களில் சிலருக்குக் கிளம்பிய வருஷத்திலேயே கடிகாரம் நின்றுவிடுகிறது. அன்று அம்மா செய்த அதே முறைதான் சரி, இம்மி பிசகக் கூடாது என்று அங்கே பிறந்த பிள்ளைகளைப் படுத்துகிறார்கள். சங்கம் இரண்டாக உடைந்து ஒரே பண்டிகைக்கு இரண்டு ஹால் பிடிப்பதும் உண்டு. அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

நானே ஒருமுறை நெதர்லாந்தில் ஒரு அமெரிக்கக் குடும்பத்தின் நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) விருந்துக்குப் போயிருந்தேன். அமெரிக்காவில் அது நவம்பரின் நான்காவது வியாழன். இவர்களுக்கு வியாழன் வேலை நாள், அதனால் சனிக்கிழமை. அந்த விருந்துக்கு வான்கோழிதான் பிரதானம், எங்கெங்கோ சொல்லிவைத்து முழுசாக ஒன்று வாங்கிவிட்டார்கள். வாங்கியது அடுப்புக்குள்ளே போகவில்லை. அந்த வாடகை வீட்டு மின்சார அடுப்பு அவ்வளவு சின்னது. கால்களை மேலே தூக்கிப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். கடைசியில் குடும்பத் தலைவர் கருவிப் பெட்டியிலிருந்து ரம்பத்தை எடுத்து வந்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி, இரண்டாக அறுத்தார். ஒரு பாதி அந்த அடுப்பில். மறு பாதி பக்கத்து வீட்டு டச்சுக்காரர் அடுப்பில், அவருக்கு இது எதற்கென்றே தெரியாது. பாதிப் பாதியாக வைத்தால் எவ்வளவு நேரம் வேகும்? அந்த அம்மாள் அமெரிக்காவில் இருக்கும் தன் தாயாருக்கு போன் போட்டார். அங்கே காலை நேரம்.

"நீங்கள் வியாழக்கிழமை எத்தனை மணி நேரம் வைத்தீர்கள் அம்மா?"

ஸ்பீக்கரில் பதில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "நாங்கள் எங்கே வைத்தோம்? இந்த வருஷம் எல்லோரும் ரெஸ்டாரன்டுக்குப் போய்விட்டோம்."