மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) பெயர் இல்லாமல் மில்லுக்குப் போகலாமா?

கேள்வி: நான்கு வருடமாக ஒரு ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃபிரேம் ஓட்டினேன். சம்பளம் மாதம் 14,000 ரூபாய். ஆர்டர் இல்லை என்று 40 நாளைக்கு முன் நிறுத்திவிட்டார்கள். இஎஸ்ஐயில் வேலையின்மை நிவாரணம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். இப்போது சூப்பர்வைசர் கூப்பிட்டு, "நைட் ஷிஃப்டுக்கு வா, மூணு மாசம் மஸ்டர்ல பேர் ஏத்தாம ரொக்கமா தர்றோம், நிவாரணமும் உனக்கு வந்துடும்" என்கிறார். போகலாமா? மனைவி வீட்டில் கொலுசு வேலை செய்கிறார், அதனால் நிவாரணம் தடைபடுமா?
- வாசகர், கொண்டலாம்பட்டி, சேலம்

பதில்: வேலைக்குப் போங்கள். ஆனால் மஸ்டரில் பெயர் ஏறிய பிறகு போங்கள்.

சூப்பர்வைசர் சொல்வதில் லாபம் யாருக்கு என்று பாருங்கள். உங்கள் பெயர் மஸ்டரில் இருந்தால் மில் மாதம் இஎஸ்ஐக்கு 3.25 சதவீதம், அதாவது 455 ரூபாய் கட்ட வேண்டும். பிஎஃப் 12 சதவீதம். 14,000க்கும் பிடித்தால் 1,680. மூன்று மாதத்தில் ஆறாயிரத்துக்கு மேல் அவர்களுக்கு மிச்சம். உங்கள் சம்பளத்தின் ஒரு பகுதியை இஎஸ்ஐ தலையில் கட்டுவதும் இதில் அடக்கம்.

நிவாரணம் எவ்வளவு வரும்? அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்கிற இந்தத் திட்டம் 2018ல் சராசரி தினக்கூலியில் 25 சதவீதம் என்று தொடங்கி, 2020ல் 50 ஆனது. கால நீட்டிப்பில் ஓடுகிற திட்டம், அதனால் இன்றைய விகிதத்தைக் கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 50 சதவீதம் என்றால் உங்களுக்கு நாளுக்குச் சுமார் 230 ரூபாய், வாழ்நாளில் மொத்தம் 90 நாள் வரை. 40 நாளுக்கு 9,200. அது நியாயமான பணம், வாங்கலாம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வாங்குவது பொய்க் கணக்கு. பொய்த் தகவல் கொடுத்துப் பலன் பெறுவது தண்டனைக்குரிய குற்றம், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டதும் நீங்கள்தான்.

மாட்டுவோமா மாட்டமாட்டோமா என்பதை விடுங்கள். நைட் ஷிஃப்டில், தூக்கக் கலக்கத்தில், ஃபிரேமில் விரல் சிக்கினால் என்ன செய்வீர்கள்? பெயர் இருந்தால் ஓய்வு நாட்களுக்கு இஎஸ்ஐ சம்பளத்தில் 90 சதவீதம் தரும். பெயர் இல்லாவிட்டால், காயம் மில்லில் பட்டது என்று நீங்கள் வாய் திறந்ததுமே நிவாரணக் கணக்கும் சேர்ந்து வெளியே வரும்.

நீங்கள் மில்லில் கேட்க வேண்டியது வேறு: "என்னை நீக்கினீர்களா, லே-ஆஃபில் வைத்தீர்களா?" லே-ஆஃப் என்பது வேலையிலிருந்து நீக்காமல் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது. பதிலை எழுத்தில் வாங்குங்கள். நீக்கியிருந்தால் ஆட்குறைப்பு இழப்பீடு உண்டு, முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். நான்கு வருடத்துக்கு 60 நாள், கிட்டத்தட்ட 28,000 ரூபாய்! நிவாரணத்தைப் பற்றி இவ்வளவு பேசிய சூப்பர்வைசர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை பாருங்கள். லே-ஆஃப் என்றால், 50 பேருக்குக் குறையாத மில்லாக இருக்கும்பட்சத்தில், வார விடுமுறை போக மற்ற நாட்களுக்குப் பாதிச் சம்பளம் மில்லே தர வேண்டும். அப்போது நிவாரண விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும், ஆனால் பழைய சர்வீஸ் அறுபடாது. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடைக்கு) 5 வருடம் வேண்டும், உங்களுக்கு இன்னும் ஒன்றுதான் பாக்கி. மூன்று மாதம் கழித்துப் புது ஆளாகச் சேர்ந்தால் அந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். என்னைக் கேட்டால், மில் ஒத்துக்கொண்டால் லே-ஆஃப்தான் உங்களுக்கு நல்லது.

மில் இரண்டுக்கும் மசியாவிட்டால் சேலம் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். சம்பளச் சீட்டு, பிஎஃப் பாஸ்புக், இஎஸ்ஐ அட்டை, சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்பியிருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும்.

அப்புறம், மனைவியின் கொலுசு வேலை. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்காரரிடம் வெள்ளி வாங்கி வந்து வீட்டில் கோத்துக் கொடுத்து அவர் சம்பாதிப்பது உங்கள் நிவாரணத்தைத் தொடாது. அங்கே வேலையில்லாதவர் என்று பார்ப்பது உங்களை மட்டும்தான். ஆனால் நீங்களும் உட்கார்ந்து கோத்து, கூலியை அவர் பெயரில் வாங்கினால் அதுவும் மஸ்டர் இல்லாத நைட் ஷிஃப்ட் மாதிரிதான்.