ஊசிக்குப் பதில் மாத்திரை

கேள்வி: என் மகளுக்கு (29) மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவடத்தைத் தாக்கும் நரம்பு நோய்). வாரம் மூன்று முறை இன்டர்ஃபெரான் ஊசி போட்டுப் போட்டுத் தொடையெல்லாம் தடித்துவிட்டது. மாத்திரை உண்டா? - வாசகி, தக்கலை.

பதில்: உண்டு. இந்நோய்க்கு அமெரிக்காவில் 2010-இல் ஒப்புதல் பெற்ற முதல் வாய்வழி மருந்தான ஃபிங்கோலிமோட், லிம்ஃபோசைட் எனும் வெள்ளணுக்களை நிணநீர்க் கணுக்களிலேயே நிறுத்திவைத்து, அவை மூளையையும் தண்டுவடத்தையும் தாக்காதபடி தடுக்கிறது. முதல் வேளை மருந்து இதயத்துடிப்பைக் குறைக்கக்கூடும் என்பதால், அன்று 6 மணி நேரமாவது மருத்துவமனையில் இருந்து, மணிக்கொரு முறை நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாகர்கோவிலுக்குக் காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள். குழந்தைப்பேறு எண்ணம் இருந்தால் மருந்தை நிறுத்தி 2 மாதம் கழிய வேண்டும். ஆனால் தானாக நிறுத்தினால் நோய் சீறி எழக்கூடும் என்பதால், அதை மருத்துவரே முடிவு செய்யட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நரம்புவழி ஏற்றும் ஓக்ரலிசுமாப் (2017-இல் ஒப்புதல் பெற்ற மருந்து) பற்றியும் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். ஊசியால் சலித்தவர்களுக்கு அதுவே இதம் என்பது என் கருத்து.