கணினிக் கேள்வி பதில்: விக்கிக்குள் எச்டிஎம்எல்லைத் திறந்துவிடலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் பிரிவில் 13 பேர். வேலை முறைகள், கூட்டக் குறிப்புகள் எல்லாம் எங்களுடைய உள் விக்கியில்தான் (நாங்களே எழுதித் திருத்தும் இணையத்தளம்) இருக்கின்றன. ஒவ்வொரு திங்களும் கொள்கலன் நிலவரத்தை ஒரு பைதன் நிரல் எச்டிஎம்எல் கோப்பாக, அதாவது இணையப் பக்க வடிவில், தரும். வரைபடத்தின் மேல் மவுஸை வைத்தால் எண்ணிக்கை தெரியும். அதை விக்கிப் பக்கத்தில் ஒட்டினால் வெறும் எழுத்துக் குவியலாக வருகிறது. அட்மின் "எச்டிஎம்எல்லைத் திறந்துவிடுகிறேன்" என்கிறார். மனேஜர் வேண்டாம் என்கிறார், ஆனால் காரணம் சொல்லவில்லை. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: மனேஜர் சொல்வதுதான் சரி, தங்கச்சி. ஆனாலும் உங்கள் வரைபடத்தை விக்கியில் காட்ட நல்ல வழி இருக்கிறது.

எழுத்துக் குவியல் வந்தது கோளாறு இல்லை. விக்கி வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறது. விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கி மென்பொருளில் எச்டிஎம்எல்லை அப்படியே ஏற்கும் அமைப்பு மூடியபடியேதான் வரும். கொன்ஃபுளுவன்ஸ் என்ற விக்கி மென்பொருளை நிறுவனமே தன் சேர்வரில் நடத்தினாலும், அதில் எச்டிஎம்எல்லைச் சேர்க்க உதவும் மக்ரோ ஆரம்பத்தில் அணைத்தே இருக்கும். காரணம் இதுதான்: ஒரு பக்கத்திலுள்ள ஸ்கிரிப்ட், அதாவது உலாவியில் ஓடும் சிறு நிரல், அதை எழுதியவருடைய பெயரில் ஓடுவதில்லை, பார்ப்பவருடைய பெயரில் ஓடுகிறது. நீங்கள் ஒட்டிய கோப்பை அட்மின் திறந்தால், அதற்குள் இருக்கும் நிரல் அந்த நிமிடம் அட்மினாகவே மாறிவிடும். புதிய கணக்குத் திறக்கலாம், பக்கங்களை அழிக்கலாம், சம்பளப் பிரிவின் பூட்டிய பக்கத்தைப் படித்து வெளியே அனுப்பலாம்.

"எங்கள் ஆட்கள்தானே எழுதுகிறார்கள்" என்று அட்மின் சொல்லக்கூடும். நானும் அப்படி நம்பியிருந்தவன். முன்பு வேலை செய்த ஓரிடத்தில் விக்கியின் முகப்பில் பார்வையாளர் எண்ணிக்கை காட்டும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஒட்டிவைத்தேன். வெளித்தளம் ஒன்றிலிருந்து வருவது. இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. அந்தத் தளத்தின் டொமைன் (இணையப் பெயர்) காலாவதியாகி வேறு யாரோ அதை வாங்கிவிட்டது எனக்குத் தெரியாது. ஒரு காலை, முகப்பைத் திறந்தவர்களுக்கெல்லாம் எங்கள் லொகின் பக்கத்தைப் போலவே ஒரு பக்கம் வந்தது. நான்கு பேர் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒருவர் கணக்குப் பிரிவு அக்கா. அன்று முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கடவுச்சொல்லாக மாற்றினோம். அவருடைய கை நடுங்கியதை நான் மறக்கவில்லை.

சரி, ஸ்கிரிப்டை மட்டும் வடிகட்டினால் போதாதா? 2005 ஒக்டோபரில் மைஸ்பேஸ் என்ற சமூகத் தளமும் அதைத்தான் செய்தது. ஸ்கிரிப்ட் குறிகளை நீக்கியது, 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லையும் நீக்கியது. சமி கம்கார் என்ற இளைஞர், 'ஜாவா' என்பதற்கும் 'ஸ்கிரிப்ட்' என்பதற்கும் நடுவே வரியை உடைத்து, அதைப் பக்கத்தின் நிறம், அளவு சொல்லும் அலங்காரக் குறிப்புக்குள் ஒளித்துவைத்தார். சில உலாவிகள் இரண்டையும் சேர்த்தே படித்தன. அவருடைய பக்கத்தைப் பார்த்தவர்களெல்லாம் தங்களுக்குத் தெரியாமலே அவருக்கு நண்பரானார்கள். நிரல் அவர்களுடைய பக்கங்களிலும் தன்னை எழுதிக்கொண்டது. ஒரு நாளுக்குள் 10 இலட்சம் பேரைத் தாண்டியது. வடிகட்டி எழுதுவது நாம் வீட்டில் செய்யும் வேலை இல்லை. தேவையென்றால் டொம்பியூரிஃபை போன்ற, பலரும் சோதித்த ஒன்றைப் பயன்படுத்துங்கள். ஆனால் அது உங்கள் வரைபடத்தின் ஸ்கிரிப்டையும் சேர்த்தே எடுத்துவிடும். அப்புறம் மவுஸை வைத்தால் ஒன்றும் தெரியாது.

அதனால் உங்களுக்கு ஐஃப்ரேம்தான் பொருத்தம். கோப்பு வேறோர் இடத்தில் இருக்கும், விக்கிப் பக்கத்தில் ஒரு ஜன்னல் வழியாகத் தெரியும். அந்த ஐஃப்ரேமில், உள்ளே இருப்பதை அடைத்துவைக்கும் 'சாண்ட்பொக்ஸ்' என்ற பண்பைப் போட்டு, ஸ்கிரிப்ட் ஓட விடும் 'அலவ்-ஸ்கிரிப்ட்ஸ்' என்ற ஒரே அனுமதியைக் கொடுங்கள். வரைபடம் அசையும், ஆனால் அந்த நிரலால் விக்கியின் குக்கியை (உங்கள் லொகின் அடையாளத்தை) தொடமுடியாது. பலர் தவறுவது இங்கேதான்: ஏதோ சரியாக வரவில்லை என்று கோப்புக்கு அதன் சொந்த முகவரியின் உரிமையைத் தரும் 'அலவ்-சேம்-ஒரிஜின்' என்பதையும் சேர்த்துவிடுவார்கள். கோப்பு விக்கியின் அதே முகவரியில் இருந்து, இரண்டு அனுமதியும் கிடைத்துவிட்டால், உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட் வெளியே கை நீட்டி சாண்ட்பொக்ஸ் பண்பையே கழற்றிவிடலாம். பூட்டும் சாவியும் ஒரே கையில்.

இன்னொரு ஓட்டை. கோப்பை விக்கியின் இணைப்பாகவே ஏற்றி, அதை ஐஃப்ரேமில் காட்டுகிறீர்கள் என்று வையுங்கள். ஜன்னல் வழியாகப் பார்க்கும்வரை பாதுகாப்பு. யாராவது அந்தக் கோப்பின் முகவரியை நேரே புதிய டப்பில் திறந்தால் ஐஃப்ரேமும் இல்லை, சாண்ட்பொக்ஸும் இல்லை. நிரல் விக்கியின் முகவரியிலேயே முழு உரிமையோடு ஓடும். ஆகவே கோப்புகளுக்குத் தனி டொமைன் வேண்டும். நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளம் 2013இல் பயனர்களின் பக்கங்களைத் தன் முதன்மை முகவரியிலிருந்து கிட்ஹப் டொட் ஐஓவுக்கு மாற்றியதும் இந்தப் பயத்தால்தான். தனி டொமைன் கிடைக்காவிட்டால், அந்தக் கோப்புகளை அனுப்பும்போது 'கொன்டென்ட்-செக்கியூரிட்டி-பொலிசி' தலைப்பில் (கோப்போடு உலாவிக்குப் போகும் பாதுகாப்புக் குறிப்பு) 'சாண்ட்பொக்ஸ் அலவ்-ஸ்கிரிப்ட்ஸ்' என்று சேர்வரே சொல்லும்படி அட்மினிடம் கேளுங்கள். நேரே திறந்தாலும் அது காவல் இருக்கும். இரண்டையும் செய்தால் எனக்கு இன்னும் நிம்மதி.

அட்மினிடம் இப்படிக் கேளுங்கள்: எச்டிஎம்எல்லை எல்லோருக்கும் திறக்கவேண்டாம், கோப்புகள் இருக்கும் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் ஐஃப்ரேம் அனுமதி போதும். வரைபட நூலகத்தையும் கோப்புக்குள்ளேயே சேர்த்துவிடச் சொல்லுங்கள், வெளித்தளத்திலிருந்து இழுக்கவேண்டாம். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். அந்த முகவரி அலுவலக வலையமைப்புக்குள் மட்டும் திறக்கட்டும், வாடிக்கையாளரின் சரக்கு விபரம் ஊருக்குப் போகக்கூடாது. உயரத்தையும் அகலத்தையும் நீங்களே கொடுங்கள். கொடுக்காவிட்டால் 300க்கு 150 பிக்ஸலில் ஒரு தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும்.

முடிந்ததும் ஒரு சோதனை. நிரல் எந்த முகவரியின் பெயரில் ஓடுகிறது என்று சொல்லும் 'விண்டோ.ஒரிஜின்' என்பதன் மதிப்பைப் பக்கத்தில் எழுதும் ஒரே வரி ஸ்கிரிப்டோடு ஒரு கோப்புச் செய்து, அதே வழியில் ஏற்றிப் பாருங்கள். 'நல்', அதாவது வெற்று என்ற ஆங்கிலச் சொல் வந்தால் பூட்டு விழுந்திருக்கிறது. விக்கியின் முகவரி வந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். அதே கோப்பைப் புதிய டப்பில் நேரேயும் திறந்து பார்க்கவேண்டும்.

கேள்வி: விக்கியில் எஸ்விஜி படங்களை ஏற்றலாமா? படம்தானே?
– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பார்வைக்குப் படம், உள்ளே எழுத்து. ஸ்கிரிப்டும் அதற்குள் இருக்கலாம். பக்கத்தில் சாதாரணப் படக்குறியில் காட்டினால் உலாவி அந்த ஸ்கிரிப்டை ஓட்டாது. அதே கோப்பை நேரே திறந்தால் ஓட்டும். மேலே தங்கச்சிக்குச் சொன்ன தனி முகவரி இதற்கும் வேண்டும். அசையாத வரைபடம் என்றால் பிஎன்ஜி என்ற சாதாரணப் படக் கோப்பாக மாற்றி ஏற்றிவிடுங்கள்.