குறட்டை விடும் சிறுவனுக்குப் பல் கருவி போதுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறோம். எட்டு வயது மகன் வாயைத் திறந்துகொண்டே தூங்குகிறான். குறட்டைச் சத்தம் அடுத்த அறை வரை கேட்கிறது. வகுப்பில் கவனமே இல்லை என்கிறார் ஆசிரியை. முன்பற்கள் துருத்தியிருப்பதைக் காட்டப் போனோம். மேல் அண்ணம் குறுகியிருக்கிறது, விரிக்கும் கருவி பொருத்தினால் குறட்டையும் நின்றுவிடும் என்றார் பல் மருத்துவர். 'அசந்து தூங்குகிற பிள்ளைக்கு எதற்கு வைத்தியம்?' என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?

பதில்: குறட்டை அசந்த தூக்கத்தின் அடையாளம் அல்ல. சளி பிடித்த நாட்களில் வந்து போனால் கவலை வேண்டாம். வாரத்தில் மூன்று இரவு, அதற்கு மேலும் என்றால் காரணத்தைத் தேட வேண்டும். இரவில் மூச்சு தடைப்பட்டுத் தூக்கம் கலையும் பெரியவர்கள் பகலில் தூங்கி வழிவார்கள். குழந்தைகளோ பெரும்பாலும் துறுதுறுவென்று அலைவார்கள், எரிந்து விழுவார்கள், பாடத்தில் மனம் நிற்காது. அதைச் சேட்டை என்று நினைத்து அடிப்பவர்கள்தான் அதிகம்.

பல் மருத்துவர் அண்ணத்தைப் பற்றிச் சொன்னது சரியாகவே இருக்கலாம். அண்ணத்தின் மேற்பக்கம்தான் மூக்கின் தரை. அது குறுகினால் மூக்கின் வழியும் குறுகும். எட்டு வயதில் அண்ணத்தின் நடுப் பொருத்து இன்னும் இறுகியிருக்காது என்பதால் கருவி எளிதாக வேலை செய்யும். ஆனால் குறட்டை நிச்சயம் நின்றுவிடும் என்ற வாக்குறுதியை நான் ஏற்க மாட்டேன். இந்த வயதில் மூச்சை அடைப்பது பெரும்பாலும் மூக்கின் பின்புறம் வளரும் அடினாய்டு சதையும் டான்சிலும்தான். பல்லை மட்டும் பார்த்து, தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்று உறுதிசெய்ய முடியாது. அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கமே 2019 அறிக்கையில், சந்தேகம் வந்தால் உரிய மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், நோயை உறுதிசெய்வது அவர் பொறுப்பு என்று தன் உறுப்பினர்களுக்குச் சொல்லியிருக்கிறது.

ஆகவே முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். போகும் முன் அவன் தூங்குவதைக் கைபேசியில் சில நிமிடம் படமெடுத்து வையுங்கள். குறட்டை திடீரென நின்று, நெஞ்சுக்குழி உள்வாங்கி, பிறகு திணறி மூச்சிழுக்கிறானா? கழுத்தை அண்ணாந்து படுக்கிறானா? வியர்க்கிறதா? விட்டுப்போன படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்பியிருக்கிறதா? இவற்றையும் சொல்லுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும் மாதங்களில் மட்டும் மோசமாகிறதென்றால் மூக்கு ஒவ்வாமைக்கும் பங்கிருக்கலாம். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தைச் சில வாரம் கொடுத்தாலே சிலருக்கு அடைப்பு குறைந்துவிடும்.

தேவைப்பட்டால் இரவு முழுக்க நடக்கும் தூக்கப் பரிசோதனைக்கு எழுதித் தருவார். கோவையில் இந்த வசதி உண்டு. மணிக்கு ஐந்து மூச்சுத் தடைகளுக்குக் கீழே இருந்தால் பெரியவர்களுக்கு இயல்பு என்பார்கள். குழந்தைக்கு ஒன்றைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். அறிக்கையைப் பெரியவர்களின் அளவை வைத்துப் படித்து 'ஒன்றுமில்லை' என்று யாராவது சொன்னால் மறுபடி கேளுங்கள்.

சதை பெரிதாக இருந்து தடையும் உறுதியானால், அறுவை சிகிச்சைதான் வழக்கமான முதல் வழி. அதன் பிறகும் சிலருக்கு, குறிப்பாக உடல் பருமனான குழந்தைகளுக்கு, குறட்டை மிஞ்சும். அப்போதும் அண்ணம் குறுகலாக இருந்தால் கருவி கைகொடுக்கும். பற்கள் பொருந்தாமல் கடிப்பதற்காகவே கருவி தேவையென்றால் தாராளமாகப் பொருத்தலாம். அதற்காக மூக்குப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அண்ணத்தை விரிக்க, கருவியிலுள்ள திருகாணியைச் சாவியால் திருப்பத் தொடங்கியதும் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழும். பயப்பட வேண்டாம், மெல்லச் சேர்ந்துவிடும்.

வாயில் டேப் ஒட்டித் தூங்கவைக்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். மூக்கடைத்த குழந்தைக்கு அதைச் செய்யவே கூடாது.