முதலில் டியூப்லைட்டை அணையுங்கள்: கைவினைப் பொருள் புகைப்படக் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வரி: "படம் நன்றாக வரவில்லை, என்ன செய்யலாம்?" எந்தப் பொருள், எந்த நேரம், எந்த விளக்கு என்று எதுவும் இல்லை. படத்தையும் இணைக்காமல் கேட்டால் நான் எதைப் பார்த்துச் சொல்வது? விவரத்தோடு எழுதியவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

சுடுமண் நகைகளை எடுக்கிறேன். எல்லாப் படமும் பனி படிந்ததுபோல் மங்கலாக இருக்கிறது. புதிய போன் வாங்கலாமா? (விருத்தாசலம்)

லென்ஸைத் துடையுங்கள். களிமண் பட்ட விரல் லென்ஸில் படாமல் இருக்காது. துடைத்த பிறகும் மங்கல் இருந்தால் எழுதுங்கள்.

வடக்குச் சன்னல் வெளிச்சம்தான் சிறந்தது என்று படித்தேன். எங்கள் வீட்டு வடக்குச் சன்னலிலும் வெயில் சுள்ளென்று விழுகிறது. (சென்னை)

நீங்கள் படித்தது குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியதாக இருக்கும். அங்கே சூரியன் பெரும்பாலும் தெற்கிலேயே நிற்கும். சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியனே நமக்கு வடக்கே இருக்கிறது. அந்த மாதங்களில் வடக்குச் சன்னலை நம்ப முடியாது. திசையை விடுங்கள், நேர்வெயில் படாத சன்னல் எதுவோ அதுவே நல்ல சன்னல். வேறு வழியில்லை என்றால் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் குறுக்கே கட்டுங்கள். வெள்ளை வேட்டி என்றேன். பூப்போட்ட திரைச்சீலை அல்ல.

பட்டு நூல் வளையல் விற்கிறேன். படத்தில் கத்தரிப்பூ நிறம், கைக்கு வந்தது நீலம் என்று ஒருவர் திருப்பி அனுப்பிவிட்டார். கேமராக் கோளாறா? (ஈரோடு)

கேமராவின் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வளையலின் இடப்பக்கம் நீலம் ஏறியிருக்கிறது. மேல் விளிம்பில் மஞ்சள் கறை. இடப்பக்கம் சன்னல், தலைக்கு மேல் மஞ்சள் பல்பு. சரிதானே? பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் குறையக் குறைய மஞ்சள்). அந்தப் பல்பு 3000 இருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் கேமரா வெள்ளையாகக் கொள்ள முடியும். மற்றது பொருளின் மேல் சாயமாக விழும். பிறகு என்ன திருத்தினாலும், ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறு பக்கம் கெடும். ஆகவே ஒரே வகை வெளிச்சம். சன்னல் என்றால் சன்னல் மட்டும். பட்டப்பகலாக இருந்தாலும் அறை விளக்கை அணையுங்கள். பச்சைச் சுவருக்கு அருகில் வைக்காதீர்கள். சுவரின் நிறமும் ஒட்டும்.

இது அறியாமல் நேர்வது. அதற்கு மேல் நீங்களாகச் செய்திருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை: நிற அடர்த்தியை ஏற்றியிருக்கிறீர்கள். பின்னால் இருக்கும் வெள்ளைத் தாள்கூட ஊதாவாக மாறியிருக்கிறது. நாள் முழுக்க உட்கார்ந்து இழை பிசகாமல் நூல் சுற்றுகிறீர்கள். அந்த உழைப்பை ஒரு ஃபில்டர் பொய்யாக்கிவிடுகிறது. வாங்குபவர் புடவைக்குப் பொருத்தமாகத்தான் வளையல் தேடுகிறார். நிறம் மாறினால் அவருக்கு அது பயன்படாது. திருப்பி அனுப்பியதில் அவர் மேல் தவறே இல்லை.

இனி இப்படிச் செய்யுங்கள். வளையலுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாள் வைத்து ஒரு படம் எடுங்கள். தாள் வெள்ளையாகத் தெரியும்வரை வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) மட்டும் மாற்றுங்கள். அதே அளவை மற்றப் படங்களுக்கும் வையுங்கள். பிறகு போனையும் வளையலையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, பகலில் ஒப்பிடுங்கள். பட்டு நூல் திசைக்கு ஒரு சாயல் காட்டும். அதனால் வளையலைக் கால் சுற்றுத் திருப்பி இன்னொரு படமும் போடுங்கள்.

வேலைக்குப் போகிறேன், இரவில்தான் எடுக்க முடியும். பல்பு வெளிச்சத்தில் படத்தில் கோடு கோடாக விழுகிறது. (கோயம்புத்தூர்)

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விநாடிக்கு 100 முறை துடிக்கும், அதுதான் கோடு. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள். பல்பு வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள். குறைந்தால் சிவப்பு செத்துப்போகும். இரண்டு பல்பு என்றால் இரண்டும் ஒரே வகை. முன்னால் பட்டர் பேப்பர் கட்டி, பொருளுக்கு அருகில் கொண்டுவாருங்கள். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். பழைய குண்டு பல்பின் முன் மட்டும் பட்டர் பேப்பர் கட்டாதீர்கள், தீப்பிடிக்கும்.

வெள்ளைத் தாளில் வைத்துக் குரோஷே பொம்மையை எடுத்தால் பின்னணி சாம்பலாகிறது. (திருச்சி)

வெண்மையைக் கண்டால் கேமரா ஒளியைக் குறைத்துவிடும். திரையில் பொம்மையை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைச் சற்று ஏற்றுங்கள். நிழல் பக்கத்தில் தெர்மாகோல் அட்டை ஒன்றை நிறுத்துங்கள். லென்ஸைத் துடைத்தீர்களா?

தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கத் தாள் ஒரு படத்தில் வெளுக்கிறது, இன்னொன்றில் கறுக்கிறது. (கும்பகோணம்)

ஃபிளாஷ் போட்டால் வெளுக்கும், ஃபிளாஷை மறந்துவிடுங்கள். கறுப்பது வேறு காரணம். தங்கத் தாள் எதிரே இருப்பதைத்தான் காட்டும். உங்களுக்குப் பின்னால் இருட்டறை இருந்தால் இருட்டைக் காட்டுகிறது. ஓவியத்தைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். எதிர்ப்புறம் வெள்ளைத் துணியைப் பிடித்து மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் கற்களைச் சுற்றிய புடைப்பு வேலை தனியே எழும்பித் தெரியும். அங்கே நிறுத்தி எடுங்கள். கண்ணாடிச் சட்டம் போடுவதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.

ஜிமிக்கி படத்தில் பெரிதாகத் தெரிந்தது என்று சண்டைக்கு வருகிறார்கள். (மதுரை)

ஒரு படம் ஸ்கேலோடு, ஒரு படம் காதில் போட்டு. போனை ஒட்டிப் பிடிக்காமல் ஓரடி தள்ளி நின்று, போனில் 2 மடங்கு லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். இல்லாவிட்டால் தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.