இருண்ட சோலைக்குப் பழைய கேமரா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

குறைந்த வெளிச்சத்தில் காட்டுயிர்களைப் படமெடுக்கப் பழைய கேமரா வாங்குவது பற்றித் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. கேமரா பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்து பழகியவன் என்ற முறையிலும், விடுமுறை கிடைத்தால் காட்டுப் பக்கம் போகிறவன் என்ற முறையிலும் இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். குடியிருப்புக்குப் பக்கத்திலேயே சோலைமந்திகள் வருகின்றன. என்னிடம் நிக்கான் டி3500-உம் அதற்கான 70–300 லென்ஸும் இருக்கின்றன. காலையில் எடுக்கும் படங்கள் ஆடியும், புள்ளி புள்ளியாகவும் வருகின்றன. கோவையில் ஒரு கடையில் பழைய டி4, டி500 இரண்டும் இருக்கின்றன. எதை வாங்கலாம்?
– வாசகி, வால்பாறை

பதில்: இரண்டையும் இப்போது தொடாதீர்கள், அம்மா. முதலில் லென்ஸை மாற்றுங்கள்.

உங்கள் 70–300 லென்ஸை முழுதாக நீட்டினால் அதன் திறப்பு எஃப் 6.3. எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும். எஃப் 4 திறப்புள்ள 300 லென்ஸ் அதைப் போல இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப் 2.8 என்றால் ஐந்து மடங்கு. எந்த பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) மாற்றினாலும் இவ்வளவு வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்காது. மேகம் மூடிய காலையில் சோலைக்குள் 1/250 நொடிக்கு எஃப் 5.6-இல் ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன் எண்) 6400 கேட்கிற இடத்தில், எஃப் 4 வைத்தால் 3200 போதும், எஃப் 2.8 வைத்தால் 1600. புள்ளிகள் குறைவது இங்கேதான்.

பழைய சந்தையில் நிக்கானின் ஏ.எஃப்-எஸ் 300 எஃப் 4 லென்ஸைத் தேடுங்கள். முதல் தலைமுறை லென்ஸ் போதும். அதில் கை அதிர்வைத் தடுக்கும் வசதி கிடையாது. ஆகவே ஒற்றைக்கால் ஸ்டாண்டு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் உங்கள் டி3500-இலும் அது வேலை செய்யும். அதிலேயே சில மாதங்கள் எடுத்துப் பாருங்கள்.

அதன் பிறகு பாடி. எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் வீட்டுப் பக்கம் வரும் மந்திகள் மனிதர்களுக்குப் பழகியவை என்பதால் பதினைந்து மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். ஃபுல் ஃப்ரேம் (பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவே சென்சார் உள்ள) கேமராவில் 300 லென்ஸ் அந்தத் தூரத்தில் 1.8 மீட்டர் அகலத்தைக் காட்டும். அரை மீட்டர் உடம்பும் வாலும் அது உட்கார்ந்திருக்கும் கிளையும் அதற்குள் அழகாக அடங்கும். இப்படிச் சட்டத்தை நிரப்ப முடிகிறவர்களுக்குத்தான் ஃபுல் ஃப்ரேம் பயன்படும். அதன் சென்சார் உங்கள் கேமராவின் சென்சாரைப் போல ஏறத்தாழ 2.3 மடங்கு பரப்புள்ளது. அந்தப் பரப்பு முழுவதும் விலங்கின் படம் விழ வேண்டும். தூரத்துப் பறவையை எடுத்துவிட்டு நடுவில் உள்ள சிறு துண்டை வெட்டி வைத்துக்கொள்கிறவருக்கு அந்த 2.3 மடங்கில் பெரும்பகுதி வெட்டியெறிந்த ஓரங்களோடு போய்விடும். அவருக்கு, உங்கள் கேமராவைப் போலவே சிறிய சென்சார் உள்ள டி500 சரி. உங்களுக்கு ஃபுல் ஃப்ரேம் சரி.

அப்படியானால் ஃபுல் ஃப்ரேமான டி4 ஏன் வேண்டாம்? அது 2012-இல் வந்தது. அதன் ஃபோகஸ் மைனஸ் 2 ஈ.வி. (வெளிச்சத்தை அளக்கும் எண்) வரையிலான வெளிச்சத்தில் வேலை செய்யும். 2014-இல் வந்த, அதுவும் ஃபுல் ஃப்ரேமான டி750 மைனஸ் 3 வரை இறங்கும். 2016-இல் வந்த டி500 நடுப்புள்ளியில் மைனஸ் 4. ஒவ்வொரு எண் இறங்கும்போதும் பாதி வெளிச்சம் போதும் என்று பொருள். உங்கள் டி3500 மைனஸ் 1-இலேயே நின்றுவிடுகிறது. இருட்டில் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடுவது அதனால்தான். டி4 நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும், பாறையில் மோதினாலும் தாங்கும். கிளையில் உட்கார்ந்து பலாச்சுளை தின்னும் மந்திக்கு அந்த வேகம் தேவையில்லை. டி750 வாங்குங்கள். கல்யாண ஸ்டுடியோக்கள் மிரர்லெஸுக்கு (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத, மின்திரையில் பார்க்கும் கேமராவுக்கு) மாறிவிட்டதால் சந்தையில் நிறையக் கிடைக்கிறது. ஒன்றை மட்டும் பாருங்கள்: டி750 கேமராக்களில் ஒரு பகுதிக்கு ஷட்டரை (வெளிச்சத்தைத் திறந்து மூடும் திரையை) இலவசமாகச் சரிசெய்து தருவதாக நிறுவனமே 2015-இல் அறிவித்தது. வாங்கப்போகும் கேமராவின் வரிசை எண் அந்தப் பட்டியலில் இருந்ததா, இருந்தால் வேலை முடிந்திருக்கிறதா என்று சர்வீஸ் மையத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதற்குக் காசு வேண்டாம். சோலைமந்தியின் உடம்பு கன்னங்கரேல் என்றிருக்கும், முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி. இலைகளுக்கு இடையே வானம் தெரிந்தால் கேமரா அந்த வெளுப்பைப் பார்த்து ஏமாந்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். பிறகு கணினியில் முகத்தை வெளுப்பாக்கினால் கறுப்பு முடியெல்லாம் புள்ளியாகப் பொரியும். ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குப் பயந்து குறைத்து வைக்காதீர்கள். எடுக்கும்போதே முகம் சரியாகத் தெரியும் அளவுக்கு ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுங்கள். 1600-இல் இருட்டாக எடுத்து வெளுப்பாக்கிய படத்தைவிட, 6400-இல் சரியாக எடுத்த படம் நன்றாக இருக்கும்.

கேள்வி: டி3எஸ் மலிவாகக் கிடைக்கிறது. 12 மெகாபிக்சல் இந்தக் காலத்தில் போதுமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: போதும். அதன் படம் 4256-க்கு 2832 பிக்சல். அங்குலத்துக்கு 300 பிக்சல் வைத்து அச்சிட்டாலும் 14 அங்குல அகலம் வரும். இந்த இதழின் பக்கம் அதைவிடச் சிறியது. 2009-இல் அந்தக் கேமரா வந்தபோது இருட்டில் அதற்கு இணை கிடையாது. ஆனால் வெட்டிப் பெரிதாக்க இடம் தராது. சட்டத்தை நிரப்பி எடுக்கிறவர் என்றால் தயங்காமல் வாங்குங்கள்.

கேள்வி: ஐயா, டி4எஸ் ஒன்று பேசி வைத்திருக்கிறேன். ஷட்டர் எண்ணிக்கை 2,80,000. நண்பர்கள் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். நேரில் பார்க்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?
– வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: அந்த எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். அந்த வரிசைக் கேமராக்களின் ஷட்டரை 4,00,000 முறைக்குச் சோதித்து வெளியிட்டார்கள். அதைத் தாண்டியும் ஓடும், அதற்கு முன்பும் போகும். போனால் ஷட்டரை மட்டும் மாற்றலாம். எனக்குக் கவலை தருவது குறைந்த எண்ணிக்கையுள்ள கேமராதான். வீடியோவுக்கே ஓடிய கேமராவில் ஷட்டர் எண் ஏறியே இருக்காது. சென்சார் மட்டும் மணிக்கணக்கில் சூடேறிக் கிடந்திருக்கும். பீரோவில் ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்த கேமராவும் அப்படித்தான், எண் அழகாக இருக்கும், ரப்பர் பிசுபிசுக்கும்.

எண்ணை விற்பவர் வாயால் கேட்காதீர்கள். உங்கள் கார்டைப் போட்டு ஒரு படம் எடுத்து, அந்தக் கோப்பைக் கணினியில் திறந்து நீங்களே பாருங்கள். நிக்கான் கோப்புக்குள் அந்த எண் பதிவாகியிருக்கும், இலவச மென்பொருளே காட்டிவிடும்.

பிறகு வெயிலில் வெளியே கொண்டு போங்கள். 1/8000 நொடி வைத்து வெறும் வானத்தைத் தொடர்ச்சியாக முப்பது நாற்பது படம் எடுங்கள். படத்தின் ஒரு ஓரம் மட்டும் இருண்டு, மறு ஓரம் வெளுத்து வந்தால் ஷட்டர் திரைகள் ஒன்றுக்கொன்று வேகம் தவறுகின்றன என்று பொருள். எல்லாப் படத்திலும் இப்படி வராது. இருபது படம் சரியாக வந்து இருபத்தோராவதில் ஒரு பட்டை விழும். அதனால்தான் தொடர்ச்சியாக எடுக்கச் சொல்கிறேன். அதே வானத்தை எஃப் 16 வைத்து ஒரு படம் எடுத்தால் சென்சாரில் உள்ள தூசியும் எண்ணெய்த் துளியும் தெரியும். தூசி துடைத்தால் போகும். துடைத்த பிறகும் அதே இடத்தில் நிற்கும் கீறல் போகாது.

அடுத்தது அடித்தட்டு. அங்குள்ள திருகுகளின் தலையை உற்றுப் பாருங்கள். கம்பெனியில் முறுக்கிய திருகில் வெட்டு கூர்மையாக இருக்கும். வெளியில் யாரோ தவறான ஸ்க்ரூ டிரைவர் போட்டுத் திறந்திருந்தால் வெட்டின் ஓரம் மழுங்கி, கறுப்புப் பூச்சு உரிந்து உலோகம் மினுங்கும். அப்படி இருந்தால் ஏன் திறந்தார்கள் என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மெமரி கார்டு அறைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். டி4எஸ்-இல் ஒன்று எக்ஸ்.க்யூ.டி. வகைக் கார்டுக்கு, மற்றொன்று சி.எஃப். வகைக் கார்டுக்கு. இந்த சி.எஃப். அறையின் அடியில் மெல்லிய ஊசிகள் வரிசையாக இருக்கும். ஒன்று வளைந்திருந்தாலும் செலவு. எக்ஸ்.க்யூ.டி. கார்டு இப்போது எளிதில் கிடைப்பதில்லை. டி5, டி500, டி850 ஆகியவற்றில், பின்னாளில் வந்த மென்பொருள் மூலம் சி.எஃப். எக்ஸ்பிரஸ் கார்டும் போடலாம் என்று ஆக்கினார்கள். டி4எஸ்-க்கு அந்த வசதி வரவில்லை. ஆகவே அவரிடம் உள்ள கார்டுகளையும் சேர்த்துப் பேசி வாங்குங்கள்.

மெனுவில் இரண்டு இடம். பேட்டரித் தகவலில் அதன் வயது 0-இலிருந்து 4 வரை எண்ணாகக் காட்டும். 4 என்றால் அந்த பேட்டரி முடிந்தது, அதன் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். ஃபோகஸ் திருத்தும் பகுதியில் பழைய சொந்தக்காரர் பிளஸ் 15, மைனஸ் 18 என்று பெரிய எண் போட்டு வைத்திருந்தால் அது எச்சரிக்கை. உங்கள் லென்ஸைப் போட்டு, முழுத் திறப்பில், வ்யூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) வழியே ஃபோகஸ் செய்து ஒரு படமும் லைவ் வ்யூவில் (பின்திரையில் பார்த்து) ஒரு படமும் எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே கூர்மையில் வந்தால் நிம்மதியாகப் பணத்தைக் கொடுக்கலாம்.

பில் கேளுங்கள். வரிசை எண் பில்லிலும் பாடியிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கேள்வி: வணக்கம் ஐயா. வில்பத்து தேசியப் பூங்காவில் சிறுத்தைகளைப் படமெடுக்கிறேன். கேனான் 100–400 லென்ஸ் கைவசம் உண்டு. பழைய 1டி எக்ஸ் மார்க் 2 வாங்குவதா, பழைய ஆர்6 வாங்குவதா?
– வாசகர், வவுனியா

பதில்: ஆர்6. உங்களுக்குச் சிறுத்தை கிடைக்கும் நேரம் வாயில் திறந்தவுடனும் மூடுவதற்குச் சற்று முன்பும்தான். அந்த நேரத்தில் கண்ணாடி வ்யூஃபைண்டரில் புதருக்குள் படுத்திருக்கும் விலங்கின் கண்ணைத் தேடுவதே பெரும்பாடு. மிரர்லெஸான ஆர்6 அதை வெளுப்பாக்கிக் காட்டும். 2020-இல் வந்த ஆர்6-இன் சென்சார், அதே ஆண்டு வந்த 1டி எக்ஸ் மார்க் 3-இன் சென்சாரை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே உச்சக் கேமராவின் இருட்டுத் திறனில் பெரும்பகுதி சாதாரண பாடியில் கிடைக்கிறது. உங்கள் லென்ஸை அடாப்டர் மூலம் பொருத்தலாம். அடாப்டருக்குள் லென்ஸ் கண்ணாடி ஏதும் இல்லாததால் வெளிச்சம் குறையாது. கார்டும் சாதாரண எஸ்.டி. போதும், 1டி எக்ஸ் மார்க் 2-இன் ஓர் அறைக்கு சிஃபாஸ்ட் வகைக் கார்டைத் தேட வேண்டியிருக்கும்.

விளம்பரத்தில் ஆர்6-இன் ஃபோகஸ் மைனஸ் 6.5 ஈ.வி. வரை என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எஃப் 1.2 லென்ஸ் போட்டுச் சொன்ன கணக்கு அது. உங்கள் லென்ஸின் நீண்ட முனையில் அவ்வளவு கிடைக்காது. ஓசையில்லாத மின்னணு ஷட்டரில் ஓடும் விலங்கை எடுத்தால் கால்கள் சாய்ந்து வரும். இயந்திர ஷட்டரே நொடிக்கு 12 படம் தரும், அதையே வையுங்கள். செம்மண் தூசி பறக்கும் ஜீப்பில் லென்ஸைக் கழற்றாதீர்கள்.

படுத்திருக்கும் சிறுத்தைக்கு 1/80 போதும். ஓட்டுநரிடம் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள், கேமராவை மணல்பையில் சாய்த்து ஐந்தாறு படம் தொடர்ந்து எடுங்கள். ஒன்றாவது கூர்மையாக வரும். நடக்கும் சிறுத்தைக்கு 1/500-க்குக் கீழே போக வேண்டாம், ஐ.எஸ்.ஓ. எவ்வளவு ஏறினாலும் ஏறட்டும்.

கேள்வி: ஐயா, கல்லூரியில் படிக்கிறேன். கடவூர்ப் பக்கம் தேவாங்கு இருக்கிறது. இரவில் டார்ச் வெளிச்சத்தில் எடுக்க, அதிக ஐ.எஸ்.ஓ. தாங்கும் பழைய கேமரா எது?
– மாணவர், திண்டுக்கல்

பதில்: தம்பி, இதற்காக ஒரு கேமராவை நான் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைத் தமிழ்நாடு அரசு 2022-இல் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அது. தேவாங்கின் கண்ணைப் படத்தில் பார்த்திருப்பாய். முகத்தில் பாதி கண்தான். நட்சத்திர வெளிச்சத்தில் பூச்சி பிடிப்பதற்காக அமைந்த கண் அது. அதற்குள் டார்ச் அடித்தால் அது கிளையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றுவிடும். எடுக்கிறவர்கள் ‘நன்றாக போஸ் கொடுக்கிறது’ என்று மகிழ்வார்கள். அந்த நேரம் முழுவதும் அதற்கு எதுவும் தெரியாது, இரை தேட முடியாது, ஆந்தை வந்தாலும் தப்ப முடியாது. ஆய்வாளர்கள்கூட அனுமதி பெற்று, மங்கலான சிவப்பு விளக்குடன்தான் போகிறார்கள். அனுமதி இல்லாமல் இரவில் காப்புக்காட்டுக்குள் நுழைவதே வனச் சட்டப்படி குற்றம். உன் படிப்பும் அதில் சிக்கும்.

இருட்டில் எடுக்கப் பழக வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. உன் ஊர்ப் புளியமரத்தில் புள்ளி ஆந்தை இருக்கும். பொழுது சாய்ந்து அது பொந்தை விட்டு வெளியே வந்து உட்காரும் அரை மணி நேரம் போதும். முக்காலியில் கேமராவை வைத்து, 1/60 நொடி, கைவசம் உள்ள லென்ஸின் முழுத் திறப்பு. அது அசையாமல் பார்க்கும் நொடிக்குக் காத்திரு. டார்ச், ஃப்ளாஷ் இரண்டும் பைக்குள்ளேயே இருக்கட்டும். அந்தப் படங்களை எனக்கு அனுப்பு. எந்தக் கேமரா உனக்குப் பொருந்தும் என்று அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: 300 எஃப் 2.8 லென்ஸ் பாதி விலைக்கு வருகிறது. உள்ளே லேசாகப் பூஞ்சை என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் வழியே சாய்வாகப் பாருங்கள். ஓரத்தில் ஒரு கண்ணாடியில் மட்டும் சிலந்தி நூல் போலத் தெரிந்தால், அதைச் சுத்தம் செய்ய ஆகும் சர்வீஸ் செலவை முன்பே எழுதி வாங்கி, அதையும் விலையில் கழித்துப் பேசலாம். நடுக் கண்ணாடிகளில் பரவியிருந்தால் வேண்டாம். பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சையே தின்றிருக்கும், துடைத்தாலும் தடம் நிற்கும், எதிர்வெளிச்சத்தில் படம் புகைமூட்டமாக வரும். எதை வாங்கினாலும் குன்னூர் ஈரத்தில் லென்ஸைத் தோல்பையில் மூடி வைக்காதீர்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கும் உலர்பெட்டி ஒன்றை லென்ஸோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.